லைப்ரரி இருக்கிறது, பிழையும் இருக்கிறது

லினக்ஸில் எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்த்த ஒரு சி++ நிரலை விண்டோஸிலும் மேக்கிலும் பில்டு செய்யப் போகிறோம். கம்பைலர் எல்லாக் கோப்புகளையும் முனகாமல் ஏற்றுக்கொள்கிறது. கடைசிக் கட்டத்தில் லிங்கர் முரண்டு பிடிக்கிறது. அனுபவசாலிகள்கூட இந்த இடத்தில் கைவைத்தியத்தில் இறங்கிவிடுகிறார்கள்: லைப்ரரியைத் திரும்ப நிறுவு, டிஎல்எல்லைச் சிஸ்டம்32-ல் போடு, எல்லாவற்றையும் ஸ்டேட்டிக்காக மாற்று. சிலது சில நேரம் பலிக்கவும் செய்யும். ஏன் பலித்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே வைத்தியம் கைவிடும்போதும் காரணம் தெரியாது.

லிங்கரின் வேலை உண்மையில் மிகவும் எளிது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் கோப்பிலும் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: தன்னிடம் உள்ள பெயர்கள், தனக்கு வேண்டிய பெயர்கள். வேண்டியதையும் உள்ளதையும் லிங்கர் பொருத்திப் பார்க்கிறது. நிரல் என்ன செய்கிறது, எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. எந்தப் பெயர் கிடைக்கவில்லை, அதை யார் தந்திருக்க வேண்டும், அதே எழுத்துகளில்தான் தந்தாரா, இந்தக் கணினி வகைக்குத்தான் தந்தாரா என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிப் பிழைகள் அவிழ்ந்துவிடும். இனி, அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "லைப்ரரி நிறுவப்படவில்லை என்றுதான் பிழை சொல்கிறது"

இரண்டு வேறு பிழைகளை ஒன்றாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. "கேனாட் ஃபைண்ட் மைனஸ் எல்இசட்" என்று ஜிஎன்யு லிங்கர் சொன்னால், கேட்ட கோப்பே கைக்குக் கிடைக்கவில்லை. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று சொன்னால், கட்டளையில் கொடுத்த கோப்புகள் எல்லாம் கிடைத்துவிட்டன, அவற்றுக்குள் தேடிய பெயர்தான் இல்லை. விஷுவல் ஸ்டூடியோவில் முதல் வகைக்கு எல்என்கே1104 அல்லது 1181 என்றும், இரண்டாவதற்கு எல்என்கே2019 என்றும் எண் வரும்.

முதல் வகையிலும் லைப்ரரி கணினியில் இருந்துகொண்டே இருக்கலாம். உபுண்டுவில் இசட்லிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும் நிரல்களுக்குத் தேவையான லிப்இசட்.எஸ்ஓ.1 ஒரு தொகுப்பில் இருக்கிறது. லிங்கர் தேடுவதோ எண் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ என்ற பெயரை. அதுவும் ஹெடர் கோப்புகளும் "டெவ்" என்று முடியும் இன்னொரு தொகுப்பில் வருகின்றன. ஃபெடோராவில் அதே தொகுப்பு "டெவல்" என்று முடியும். முதல் தொகுப்பை எத்தனை முறை நிறுவினாலும் இரண்டாவது தானாக வந்து சேராது.

இரண்டாம் வகையில்தான் விஷயம் அதிகம். சி மொழியில் எழுதிய ஒரு லைப்ரரியில், இரண்டு முழு எண்களை வாங்கும் சம் என்ற ஃபங்ஷன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸில் சி கம்பைலர் அதைச் சம் என்றே பதியும். சி++-ல் ஒரே பெயரில் பல ஃபங்ஷன்கள் இருக்கலாம் என்பதால், ஆர்க்யுமென்ட் வகைகளையும் பெயரோடு பின்னியாக வேண்டும். லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் ஓர் அடிக்கோடு, இசட் எழுத்து, ஆங்கிலப் பெயரின் நீளமான 3, பிறகு அந்தப் பெயர், முழு எண்ணுக்கு ஒன்றாக இரண்டு ஐ எழுத்துகள் என்று பதியும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் அதையே கேள்விக்குறியில் தொடங்கி, நடுவே இரண்டு அட் குறிகள் போட்டு வேறு விதமாகப் பதியும். ஒரு கம்பைலரில் கட்டிய சி++ லைப்ரரியை மற்றதில் கட்டிய நிரலோடு சேர்க்க முடியாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சி லைப்ரரியின் ஹெடரைச் சி++ நிரலில் சேர்க்கும்போது "எக்ஸ்டர்ன் சி" போடாவிட்டால், நிரல் பின்னிய பெயரைக் கேட்கும். லைப்ரரியில் இருப்பதோ பின்னாத பெயர். பிழைச் செய்தியிலேயே இதற்குத் துப்பு இருக்கிறது. சம் என்பதற்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இன்ட், இன்ட் என்று வகைகளும் வந்தால், லிங்கர் சி++ பெயரைத் தேடுகிறது. வெறும் சம் என்று மட்டும் வந்தால் சி பெயரைத் தேடுகிறது. அடுத்து லைப்ரரியின் மேல் என்எம் கட்டளையை ஓட்டுங்கள். பெயருக்குப் பக்கத்தில் டி எழுத்து இருந்தால் ஃபங்ஷன் அங்கே இருக்கிறது. யு என்று இருந்தால், பாவம், அந்தக் கோப்பும் அதை வெளியில்தான் தேடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸில் இதே வேலைக்கு டம்ப்பின் இருக்கிறது.

பிழையில் "சிஎக்ஸ்எக்ஸ்11" என்ற எழுத்துகள் தென்பட்டால் வழி வேறு. 2015-ல் வந்த ஜிசிசி 5, சி++ ஸ்ட்ரிங் வகையின் உள்ளமைப்பை மாற்றி, பெயரிலும் அந்த அடையாளத்தைச் சேர்த்தது. பழைய அமைப்பில் கட்டிய லைப்ரரியும் புதிய அமைப்பில் கட்டிய நிரலும் ஒன்றையொன்று அறியா. இரண்டையும் ஒரே அமைப்பில் கட்ட வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

நம்பிக்கை: "எல்லா லைப்ரரியும் கட்டளையில் இருக்கிறதே, வரிசையில் என்ன இருக்கிறது?"

ஜிஎன்யு லிங்கரைப் பொறுத்தவரை எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. கையில் சாமான் சீட்டோடு கடைத்தெருவில் ஒரே திசையில் நடந்து, கடந்த கடைக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறவரைப் போன்றது அது. ஸ்டேட்டிக் லைப்ரரியைக் கடக்கும் நேரத்தில் சீட்டில் என்ன பெயர் இருக்கிறதோ, அதைத் தரும் ஆப்ஜெக்ட் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். உங்கள் நிரலின் ஆப்ஜெக்ட் கோப்புக்கு முன்னாலேயே லைப்ரரியை எழுதியிருந்தால், அங்கே போகும்போது சீட்டில் அந்தப் பெயரே இருக்காது. கேட்பவர் முன்னால், தருபவர் பின்னால் என்பதே சரியான வரிசை. இரண்டு லைப்ரரிகள் ஒன்றையொன்று கேட்டால் ஸ்டார்ட் குரூப், எண்ட் குரூப் என்ற ஆப்ஷன்களுக்கு நடுவில் வைக்கலாம். அப்படிச் செய்ய நேர்ந்தால், அவற்றைத் தனித்தனி லைப்ரரியாகப் பிரித்தது சரிதானா என்றும் ஒருமுறை யோசிக்கலாம்.

உபுண்டு 11.10 முதல் "ஆஸ் நீடட்" என்ற ஆப்ஷன் இயல்பாகவே இயங்குவதால், அங்கே ஷேர்டு லைப்ரரிகளுக்கும் இந்த வரிசை முக்கியமாகிவிட்டது. மேக்கின் லிங்கர், விண்டோஸின் லிங்கர், எல்எல்விஎம்மின் எல்எல்டி ஆகியவை கடந்து வந்த லைப்ரரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். "என் மேக்கில் வந்ததே" என்ற புலம்பல்களில் பல இங்கே பிறப்பவைதான்.

நம்பிக்கை: "கணக்கு ஃபங்ஷன்களும் நெட்வொர்க்கும் மொழியோடு வருபவை, தனியாக எதையும் சேர்க்க வேண்டாம்"

லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் கணித ஃபங்ஷன்கள் லிப்எம் என்ற தனி லைப்ரரியில் இருக்கின்றன. சி நிரலை ஜிசிசியில் கட்டும்போது "மைனஸ் எல்எம்" கொடுத்தாக வேண்டும். மேக்கில் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். மைக்ரோசாஃப்ட் லிங்கரிடம் எம் என்ற பெயரில் லைப்ரரியைக் கேட்டால் எம்.லிப் என்ற இல்லாத கோப்பைத் தேடி நின்றுவிடும். இந்த ஒரே வரியைத் தளத்துக்குத் தளம் வேறாக எழுத வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிரலில் 2-இன் வர்க்கமூலத்தை நேரடியாக எண்ணாகவே கேட்டிருந்தால், ஜிசிசி அதைக் கம்பைல் செய்யும்போதே கணக்கிட்டு விடையைப் பதித்துவிடும். லிப்எம் தேவைப்படாது, பிழையும் வராது. அந்த 2-ஐ எடுத்துவிட்டுப் பயனர் தரும் எண்ணை வைத்த அன்றைக்கு "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வந்து நிற்கும். "ஒரு வரிதான் மாற்றினேன், லைப்ரரியையே தொடவில்லை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

விண்டோஸில் சாக்கெட் ஃபங்ஷன்களுக்கு டபிள்யூஎஸ்2_32 லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். லினக்ஸில் இருந்துகொண்டே மிங்டபிள்யூ வழியாக விண்டோஸுக்குக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளமும் காத்திருக்கிறது. அந்தப் பெயரைப் பெரிய டபிள்யூ போட்டு எழுதியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் கோப்பு முறைக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதால் கோப்பு இல்லை என்று சொல்லிவிடும்.

நம்பிக்கை: "டிஎல்எல்லைச் சிஸ்டம்32-ல் போட்டால் சரியாகிவிடும்"

நிரலைக் கட்டும்போது மைக்ரோசாஃப்ட் லிங்கர் டிஎல்எல்லைத் திறந்தே பார்ப்பதில்லை. அது கேட்பது, டிஎல்எல்லோடு சேர்ந்து உருவாகும் இம்போர்ட் லைப்ரரியை. அதன் பெயரும் .லிப் என்றே முடியும், ஸ்டேட்டிக் லைப்ரரியின் பெயரும் .லிப் என்றே முடியும். மைக்ரோசாஃப்ட் இந்த இரண்டுக்கும் ஒரே விகுதியைக் கொடுத்தது பெரிய உபகாரம் என்று சொல்ல மாட்டேன்.

சிஸ்டம்32 கைவைத்தியம் ஓட்டும் நேரத்தில் வேண்டுமானால் சில சமயம் பலிக்கும். அதிலும் 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்பது 64-பிட் கோப்புகளின் இடம், 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-ல் இருக்கின்றன. பெயரைப் பார்த்துப் போட்டால் தலைகீழாகத்தான் போடுவோம். டிஎல்எல்லை எக்ஸிகியூட்டபிளின் பக்கத்திலேயே வைப்பது உத்தமம். லினக்ஸில் எல்டி_லைப்ரரி_பாத் மாறியும் இதே இனம்தான்: அது ஓடும் நேரத்துக்கானது, "மைனஸ் எல்" கேட்கும் லைப்ரரியைக் கட்டும்போது தேட அது உதவாது.

லினக்ஸிலிருந்து வருபவர்களைக் கவிழ்ப்பது இன்னொன்று. லினக்ஸின் ஷேர்டு லைப்ரரி, தடுத்தாலொழிய எல்லாப் பெயர்களையும் வெளியே காட்டும். டிஎல்எல், சொன்னாலொழிய எதையும் காட்டாது. டிஎல்எல் எக்ஸ்போர்ட் குறிப்பு எங்குமே இல்லாத லைப்ரரியை விஷுவல் ஸ்டூடியோவில் கட்டினால் டிஎல்எல் வரும், இம்போர்ட் லைப்ரரி உருவாகவே உருவாகாது. பில்டு கருவியான சிமேக்கில், 3.4 பதிப்பு முதல், விண்டோஸில் எல்லா ஃபங்ஷன்களையும் ஏற்றுமதி செய்யச் சொல்லும் ஒரு பண்பு இருக்கிறது. அவசரத்துக்கு அது போதும்.

இதன் மறுபக்கமும் உண்டு. கிடைக்காத பெயர் "இம்ப்" என்ற முன்னொட்டோடு வந்தால், நிரல் டிஎல்எல்லை எதிர்பார்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, நீங்கள் கொடுத்தது ஸ்டேட்டிக் லைப்ரரி. லிப்கர்லை விண்டோஸில் ஸ்டேட்டிக்காகச் சேர்க்கும்போது கர்ல்_ஸ்டேட்டிக்லிப் என்ற மேக்ரோவை வரையறுக்காவிட்டால் சரியாக இதுதான் நடக்கும்.

நம்பிக்கை: "எச்சரிக்கைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பிழை"

லிங்கர் விஷயத்தில் இது தப்பு. 2020-ல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறிய பிறகு, மேக்கில் இன்டெல்லுக்குக் கட்டிய லைப்ரரிகளும் ஆர்ம்64-க்குக் கட்டியவையும் ஒரே கணினியில் கலந்து கிடப்பது சாதாரணம். ஹோம்ப்ரூ பழைய இன்டெல் கோப்புகளை யுஎஸ்ஆர்/லோக்கலிலும் புதியவற்றை ஆப்ட்/ஹோம்ப்ரூவிலும் வைக்கிறது. பில்டு தவறான இடத்திலிருந்து எடுத்தால், லிங்கர் அந்தக் கோப்பைப் புறக்கணித்துவிட்டு ஒரு எச்சரிக்கை மட்டும் தரும். அதற்குக் கீழே நூறு பெயர்கள் கிடைக்கவில்லை என்று பிழைகளாகக் கொட்டும். ஜிஎன்யு லிங்கர் "ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் கோப்பு கிடைக்கவில்லை என்று முடிக்கும். மைக்ரோசாஃப்டில் எல்என்கே4272 என்ற எச்சரிக்கை. மூன்றிலும் காரணம் எச்சரிக்கையில் இருக்கிறது, விளைவு பிழையில். கோப்பு எந்தக் கணினி வகைக்கு உரியது என்று லினக்ஸிலும் மேக்கிலும் ஃபைல் கட்டளை ஒரே வரியில் சொல்லிவிடும்.

நம்பிக்கை: "ஸ்டேட்டிக்காகக் கட்டினால் எல்லா இடத்திலும் ஓடும்"

ஸ்டேட்டிக் லைப்ரரி தனக்கு எந்த லைப்ரரிகள் தேவை என்பதைப் பதிந்து வைப்பதில்லை. லிப்கர்லைச் சேர்த்தால், அது கட்டப்பட்ட விதத்தைப் பொறுத்து ஓப்பன்எஸ்எஸ்எல், இசட்லிப், விண்டோஸில் டபிள்யூஎஸ்2_32, கிரிப்ட்32 என்று நீங்களே வரிசையாகத் தர வேண்டும். அந்தப் பட்டியலைத் தரத்தான் பிகேஜி-கான்ஃபிக்கில் ஸ்டேட்டிக் ஆப்ஷன் இருக்கிறது. மேக்கில் சிஸ்டம் லைப்ரரியை ஸ்டேட்டிக்காகச் சேர்க்க ஆப்பிள் வழியே வைக்கவில்லை. ஜிலிப்சியை ஸ்டேட்டிக்காகச் சேர்த்தாலும், கெட்அட்ரின்ஃபோ போன்ற ஃபங்ஷன்களுக்கு ஓடும் கணினியில் அதே பதிப்பின் ஷேர்டு லைப்ரரி வேண்டும் என்று லிங்கரே எச்சரிக்கிறது.

லினக்ஸில் பரவலாக ஓட வேண்டுமென்றால் பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் கட்டுவதுதான் நடைமுறை. உபுண்டு 22.04-ல் ஜிலிப்சி 2.35, 20.04-ல் 2.31. முன்னதில் கட்டிய சி நிரல், வணக்கம் மட்டும் சொல்லும் நிரலாக இருந்தாலும், பின்னதில் "ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்" என்று நின்றுவிடும். நிரலைத் தொடங்கி வைக்கும் ஃபங்ஷனுக்கே 2.34-ல் புதிய பதிப்பு எண் கொடுக்கப்பட்டதுதான் காரணம். பைத்தான் உலகம் இதற்காகத்தான் மெனிலினக்ஸ் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதில் 2014 என்ற வகை, ஜிலிப்சி 2.17 உள்ள சென்ட்ஓஎஸ் 7-ஐ அடிப்படையாகக் கொண்டது.

நம்பிக்கை: "பில்டு ஃபோல்டரை அழித்துவிட்டுத் திரும்பக் கட்டு"

இது மட்டும் பாதி உண்மை. சிமேக் ஒருமுறை கண்டுபிடித்த லைப்ரரியின் இடத்தைக் கேஷ் கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். கம்பைலரையோ கணினி வகையையோ மாற்றியிருந்தால் அழிக்கத்தான் வேண்டும். சிமேக் 3.24 முதல் "ஃப்ரெஷ்" ஆப்ஷனே போதும். எதையும் மாற்றாமல் அழிப்பதால் நேரம்தான் போகும்.

கடைசியாக, யாரிடமாவது உதவி கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்ற கடைசி வரியை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். லிங்கர் தோற்றுவிட்டது என்பதைத் தவிர அதில் ஒரு செய்தியும் இல்லை. லிங்கரை அழைத்த முழுக் கட்டளை, அதற்குக் கீழே வந்த முதல் எச்சரிக்கை, முதல் பிழை ஆகிய மூன்றையும் எழுத்தாகவே அனுப்புங்கள். சிமேக்கில் கட்டும்போது வெர்போஸ் ஆப்ஷன் கொடுத்தால் அந்தக் கட்டளை திரையிலேயே வரும்.