விமானியின் கையில் செல்போன் எதற்கு?

கேள்வி: சிறிய விமானங்களில் விமானியின் கவனம் சிதறினால் வானத்தில் மட்டும்தான் ஆபத்தா?

பதில்: இல்லை, தரையிலும் உண்டு.

வானத்தில் நேர்ந்ததற்கு ஓர் உதாரணம்: 2014 மே மாதம் அமெரிக்காவின் கொலராடோவில் செஸ்னா 150 ரக விமானம் இரவில் விழுந்து இருவர் இறந்தனர். தாழப் பறக்கையில் விமானியின் கவனம் செல்போனில் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. முந்தைய பயணத்தில் அவர் செல்ஃபி எடுத்தது விமானத்தில் இருந்த கேமராவில் பதிவாகியிருந்தது.

தரையில் கவனம் சிதறினால் உயிர் பறிக்கக்கூடியது புரொப்பல்லர். வேகமாகச் சுழலும்போது அதன் இறக்கைகள் கண்ணுக்கே தெரிவதில்லை. ஆகவே, யாரும் ஏறி இறங்கும் முன் இஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

விமானியின் கவனம் சிதறாதிருக்க, விமானம் தரையில் ஊரும்போதும், 10,000 அடிக்குக் கீழே ஏறி இறங்கும்போதும் வீண்பேச்சு கூடாது என்பது 1981-இல் அமெரிக்கா பயணிகள் விமான நிறுவனங்களுக்கு கொண்டுவந்த விதி. சொந்த விமானம் ஓட்டுவோரை அது கட்டுப்படுத்தாது. அவர்களும் தாமாகவே அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.