டயர் கடையில் கேட்கக் கூச்சம் வேண்டாம்



இந்த மாதப் பாடத்தில் தீர்மான நோட்டும் இல்லை, வட்டிக் கணக்கும் இல்லை. நம் வண்டியின் டயரைப் பற்றிப் பேசப் போகிறோம். "டயருக்கும் குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நடந்தது என்ன?

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு சகோதரி காய்கறி வியாபாரம் செய்கிறார். குழுக் கடனில் மொபெட் வாங்கினார். விடியற்காலை சந்தைக்குப் போய் இரண்டு மூட்டை ஏற்றி வந்து ஊர் ஊராக விற்பார். தவணை ஒருநாளும் தவறியதில்லை.

பின் டயர் மொட்டையாகி வெகுநாள் ஆகிவிட்டது. அவருக்கும் தெரியும். தினமும் டயர் கடையைத் தாண்டித்தான் போவார். ஆனால் நிற்க மாட்டார். "அங்க எப்பவும் ஆம்பளைங்க நாலு பேர் உக்காந்திருப்பாங்க. நான் போய் என்னன்னு கேக்கிறது? எதையாவது கேட்டா காசு பிடுங்கிடுவாங்களோன்னு பயம்" என்றார் பிறகு. காற்று பிடிப்பது, டயர் பார்ப்பது எல்லாம் வீட்டுக்காரர் வேலை என்று விட்டுவிட்டார். வீட்டுக்காரரோ வெளியூர் வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒருநாள் வளைவில் டயர் வெடித்தது. வண்டி சாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்து ஒன்றரை மாதம் வியாபாரம் இல்லை. இரண்டு தவணை நின்றது. குழுவின் சேமிப்பிலிருந்து நாம்தான் ஈடு கட்டினோம்.

அந்த மொபெட்டைத் தள்ளிக்கொண்டு டயர் கடைக்குப் போனோம். கடைக்காரர் டயரைத் தடவிப் பார்த்தார். "போன மாசம் இந்த அக்கா ஒரு நிமிஷம் நின்னு கேட்டிருந்தா, காசு வாங்காமலே பார்த்துச் சொல்லியிருப்பேனே" என்றார்.

உதவி வழியிலேயே இருந்தது, கேட்கத்தான் நாம் போகவில்லை. அந்த வருத்தத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் அந்தக் கடைக்குப் போய், "அண்ணே, எங்களுக்குக் கத்துக் கொடுங்க" என்று உட்கார்ந்தோம். அன்று கற்றதே இந்தப் பாடம்.

சுமையைத் தாங்குவது காற்று

மூட்டையை ரப்பர் தாங்குகிறது என்றுதான் நினைத்திருந்தோம். உண்மையில் டயருக்குள் அடைத்த காற்றுதான் தாங்குகிறது. 1887ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். இன்றைக்கும் அதே வித்தைதான்.

காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி எழும். அதனால் சூடேறும். சூடு ஏற ஏற ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் பலம் இழக்கும். அதன் மேல் மூட்டையும் வெயிலும் சேர்ந்தால் டயர் வெடிக்கிறது.

எவ்வளவு காற்று என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டியோடு தந்த புத்தகத்திலோ, வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். பல ஸ்கூட்டர்களில் முன் டயருக்கு 22, பின் டயருக்கு 29, பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் 36 பவுண்டு என்பது போல இருக்கும். "ரெண்டுக்கும் ஒரே அளவு போடுங்க" என்று சொல்லாதீர்கள். உங்கள் வண்டியின் அளவை ஒரு சீட்டில் எழுதி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் வண்டி சூடாவதற்கு முன் காற்று பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகப் பிடித்துத் தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்க வெட்கம் எதற்கு?

டயரைப் படிக்கத் தெரியுமா?

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு டயரைப் படிப்பது பெரிய விஷயமா?

● இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால், காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறோம். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம்.

● டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடு இருக்கும். மேல் பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். மொட்டை டயர் மழையில் தண்ணீரை ஒதுக்காது, வழுக்கும்.

● பக்கவாட்டில் வெடிப்பு, வெட்டு, உப்பல் இருந்தால் உடனே கடைக்காரரிடம் காட்டுங்கள். பக்கச் சுவரில் விழுந்த வெட்டுக்குப் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது.

● டயர் பிறந்த தேதியும் அதிலேயே இருக்கிறது! பக்கவாட்டில் சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 1523 என்றால் 2023ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப் போகும். புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பஞ்சர் ஆனால்

ஓடும்போது பின்பக்கம் ஆடினால் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்து, மெதுவாக இடதுபக்கம் ஒதுங்குங்கள். காற்றில்லாத டயரில் ஏறி ஓட்டினால் ரிம் அழுத்தி டியூப் கிழியும், டயரும் கெடும். சின்னச் செலவு பெருஞ்செலவாகிவிடும்.

கடையில் இவற்றைப் பாருங்கள், கேளுங்கள்:

1. "எங்கே ஓட்டைன்னு காட்டுங்கண்ணே." டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி வரும் இடம்தான் ஓட்டை. டியூப்லெஸ் டயருக்கு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பார்கள். குமிழி எத்தனை என்று நீங்களும் எண்ணுங்கள். அப்போது "நாலு பஞ்சர்" என்று யாரும் ஏமாற்ற முடியாது.

2. "ஆணி எங்கே?" ஆணியோ முள்ளோ டயருக்குள்ளேயே இருந்தால், ஒட்டிய டியூப் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சராகும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. ஓட்டை வால்வின் அடியில் இருந்தால் ஒட்டு நிற்காது. டியூபை மாற்றுவதே நல்லது.

4. காற்று பிடித்ததும் வால்வு முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் வால்வு கசிகிறது. வால்வு மூடியையும் மறக்காமல் போடுங்கள்.

5. புது டயர் என்றால் அளவு எண் சரியா, பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி வண்டி ஓடும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். பில் கட்டாயம் வாங்குங்கள். டயரில் தயாரிப்புக் குறை இருந்தால் பில் இல்லாமல் கேட்க முடியாது.

இத்தனையும் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தோம். அந்த அண்ணன் சொன்னது: "கேக்கிறவங்க வண்டிக்குத்தான் நான் இன்னும் கவனமா வேலை பார்ப்பேன்." நாமும் பதிலுக்கு மரியாதையாக நடக்க வேண்டும். செய்த வேலைக்குக் கூலியைக் குறைக்காமல், கடன் சொல்லாமல் கொடுப்போம்.

செலவுக்கு என்ன செய்வது?

டயர் தேய்வது திடீர்ச் செலவு அல்ல, வரும் என்று தெரிந்த செலவுதான். வண்டியில் தொழில் செய்பவர் தினம் 5 ரூபாய் தனி உண்டியலில் போட்டால் வருடத்தில் 1,825 ரூபாய் சேரும். "இந்த மாசம் தவணை கட்டட்டும், டயர் அப்புறம்" என்று தள்ளினால், கடைசியில் தவணையும் போகிறது, கையும் ஒடிகிறது.

வண்டிக்கு என ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். டயர் மாற்றிய தேதி, கிலோமீட்டர், பஞ்சர் ஒட்டிய நாள், கொடுத்த பணம் எல்லாம் எழுதுங்கள். ஒரே டியூபில் நாலைந்து ஒட்டு ஆகிவிட்டால் நோட்டே சொல்லிவிடும், புதுசு வாங்கு என்று.

பழைய டயரை வீட்டுப் பின்னால் போடாதீர்கள். அதில் தேங்கும் மழைத் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். போகிக்கு எரிப்பதும் வேண்டாம், அந்தப் புகை குழந்தைகளுக்குக் கெடுதல். கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இது ஒரு தொழிலும்தான்

அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு உறுப்பினரின் மகள், "இதை நாங்க செய்யக் கூடாதா?" என்று கேட்டாள். ஏன் கூடாது? வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பயிற்சியும் இலவசமாகத் தருகிறார்கள். விருப்பம் உள்ளவர்கள் உங்கள் மாவட்டத்து நிலையத்தில் அடுத்த பயிற்சி எப்போது என்று கேளுங்கள்.

அந்தச் சகோதரிக்குக் கை குணமாகிவிட்டது. மறுபடி சந்தைக்குப் போகிறார். இப்போது வாரம் ஒருமுறை டயர் கடையில் நிற்கிறார். "நாலு ஆம்பளை உக்காந்திருந்தா என்ன, நான் என் வண்டிக்காகத்தானே நிக்கிறேன்" என்கிறார்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

● நம் குழுவில் எத்தனை பேர் வீட்டில் வண்டி உள்ளது? அதன் டயரைக் கடைசியாகப் பார்த்தது யார், எப்போது?

● குழுக் கடனில் வாங்கிய வண்டிகளின் டயரை இன்றே எல்லோரும் சேர்ந்து பாருங்கள். மொட்டையானவை எத்தனை?

● நம் ஊர் டயர் கடைக்காரரை ஒரு கூட்டத்துக்கு அழைக்கலாமா? யார் போய்ச் சொல்வது?

● கூச்சத்தால் கேட்காமல் விட்டு நாம் இழந்தது வேறு என்னென்ன? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.