கவுன்சிலிடம் ஆவணம் கேட்பது எப்படி?



நம் பெரியோர் கூடும் முதியோர் நிலையத்தை மூடப்போவதாகக் கவுன்சில் அறிவித்தால், வருந்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். அதன் காரணமும் கணக்கும் கவுன்சிலின் கோப்புகளில் இருக்கும். 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டப்படி, 2005 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் எவரும் அவற்றைக் கேட்கலாம். பிரஜாவுரிமை தேவையில்லை, ஏன் கேட்கிறீர்கள் என்றும் சொல்ல வேண்டியதில்லை.

1. கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ எழுதுங்கள். உங்கள் உண்மைப் பெயரும் பதிலுக்கான விலாசமும் அவசியம்.

2. குறிப்பாகக் கேளுங்கள். "நிலையம் பற்றிய எல்லாம்" என்றால், தேட 18 மணித்தியாலத்துக்கு மேலாகும் என்று மறுக்க இடமுண்டு. "2023, 2024 செலவுக் கணக்கும், மூடுவது பற்றிய அறிக்கையும்" என்பதே நல்லது.

3. பிரதியொன்றை வைத்துக்கொண்டு, அனுப்பிய திகதியையும் குறித்துவையுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் வரவேண்டும்.

4. மறுத்தால் சட்டப்படியான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். முதலில் கவுன்சிலிடமே மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கும் பலனில்லையெனில், தகவல் உரிமையை மேற்பார்வை செய்யும் சுயாதீன அமைப்பிடம் முறையிடலாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. பிரதி எடுக்கும் செலவும் தபால் செலவும் கேட்கப்படலாம்.

ஒருவர் தம்மைப் பற்றிய கோப்பைக் கேட்பது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பொதுவாக ஒரு மாதத் தவணை. அம்மாவின் பராமரிப்புக் கோப்பை மகள் கேட்பதாயின், அம்மாவின் எழுத்து மூலச் சம்மதத்தையும் இணைக்கவேண்டும்.

ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் பெரியோருக்கு இக்கடிதத்தை எழுதிக் கொடுப்பதும் திருத்தொண்டே.