‘ங’ என்றால் நான்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கார்கிலுக்குப் புறப்படப்போவதாக உன் அம்மா நேற்று சன்னதி வீதியில் நின்று சொன்னார்கள். படித்த பிள்ளை பக்கத்திலேயே ஒரு வேலை பார்க்கக் கூடாதா என்ற கவலை அவர்களுக்கு. எனக்கோ மனசு நிறைந்துவிட்டது. லடாக்கில் லேயிலும் கார்கிலிலும் 25 வருஷம் சுற்றியிருக்கிறேன். மொழிகளைக் கேட்டு எழுதும் இந்த வேலைக்குத் திருவானைக்காவலிலிருந்து இன்னொருவர் வருவார் என்று நினைத்ததே இல்லை.

ஒன்றாம் வகுப்பில் க எழுதிய கையோடு ங எழுதினாய். அதற்குப் பிறகு அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லை எழுதிய ஞாபகம் உண்டா? லேயில் இறங்கினால் முதலில் காதில் விழுவதே அதுதான். ‘ங’ என்றால் நான். பர்மிய மொழியிலும் ‘ங’ நான்தான். தொனி மாறினால் அதுவே மீன், அதுவே ஐந்து. காண்டனீஸில் நான் ‘ஙோ’, ஐந்து வெறும் ‘ங்’. மாண்டரினில் மூக்கொலி உதிர்ந்துபோய் ‘வோ’, ‘வூ’ என்று நிற்கிறது. ஒரு சொல் ஒத்துப்போனால் தற்செயல் எனலாம். நானும் மீனும் ஐந்தும் மொழிக்கு மொழி ஒரே வழியில் மாறிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் உறவு. சீன-திபெத்தியக் குடும்பத்தை இப்படித்தான் கட்டியெழுப்பினார்கள். 2019இல் இரண்டு குழுக்கள் கணினியில் கணக்குப் போட்டு, இந்தக் குடும்பம் வட சீனத்தில் பிரியத் தொடங்கியது சுமார் 5,900 வருஷத்துக்கு முன்பு என்று ஒன்றும், 7,200 என்று மற்றொன்றும் சொல்லின. அந்தக் கணினிக்குள் போன ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்.

நமக்கு முன்னால் நம்மவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மைசூரில் 1969இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தொடங்கிய சில வருஷங்களிலேயே எம்.எஸ். திருமலை மணிப்பூரின் தாடோ மொழிக்கு ஒலியியல் வாசிப்பு நூல் எழுதினார். கி. அரங்கனின் புர்கி இலக்கணம் 1979இல் வந்தது. எஸ். ஆரோக்கியநாதன் தாங்குல் நாகாவுக்கு எழுதிய இலக்கணம் 1987. போவதற்கு முன் அரங்கன் புத்தகத்தை வரி விடாமல் படித்துவிடு. நீ வேலை செய்யப்போகிற மொழியே அதுதான்.

தமிழ்க் காதுக்கு அங்கே ஒரு சௌகரியம் உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த கேள்வித்தாள் ஒரே ஒரு ‘ஹம்’, ஒரே ஒரு ‘வீ’ கேட்கும். லடாக்கியில் ‘ஙதங்’ நாம், ‘ஙஜ’ நாங்கள். நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிரே இருப்பவரைச் சேர்த்தா, விட்டா என்று வாய் தானாகக் கேட்கும். ஆனால் இந்தத் தெம்பில் ஏமாந்தும் போவோம். நான் ஏமாந்தேன். இருக்கிறது என்றால் ‘யோத்’ என்று முதல் வாரமே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். ஒருநாள் லேக்குப் பக்கத்து ஊரில் ஓர் அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது மருமகள் வெண்ணெய்த் தேநீர் ஊற்றினார். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, நெற்றியைச் சுருக்கி, உப்பு ‘ரக்’ என்றார். யோத் இல்லை. கண்ணால் பார்த்து அறிந்ததற்கு ‘துக்’. நாக்கும் காதும் உடம்பும் சொல்லி அறிந்ததற்கு ‘ரக்’. தன் சொந்த விஷயமாகத் தனக்கே தெரிந்ததற்கு ‘யோத்’. குளிருகிறது என்றால் ‘டங்மோ ரக்’தான். பட்டியலை நீட்டி வருஷக்கணக்கில் கேட்டிருந்தாலும் இது எனக்குப் பிடிபட்டிருக்காது. பேச்சில்தான் கிடைக்கும், அதைவிடக் கதையில் கிடைக்கும்.

உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான் தம்பி: சொற்பட்டியலோடு மட்டும் திரும்பி வராதே.

மணிப்பூர்ப் பள்ளத்தாக்கில் ஆண்ட்ரோ, செங்மாய் என்று இரண்டு மொழிகள் இருந்தன. பேசியவர்கள் மெய்தெய் மொழிக்கு மாறிவிட்டார்கள். 1859இல் மெக்கல்லக் என்ற அதிகாரி அச்சிட்ட சொற்பட்டியல் எஞ்சியது. அதை வைத்து அவை பர்மாவின் கடு மொழிக்கும் சிட்டகாங் பக்கத்துச் சாக் மொழிக்கும் உறவு என்று கண்டுபிடிக்க முடிகிறது. அது பெரிய விஷயம்தான். ஆனால் ஆண்ட்ரோவில் ஒரு தாய் பிள்ளையை எப்படி அதட்டினாள் என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

நம் நீலகிரியில் நடந்தது வேறு. 1935இலிருந்து மூன்று வருஷம் இந்தியாவில் தங்கிய எமனோ என்ற மொழியியலாளர், சுள்ளி என்ற கோத்தர் இனத்தவரை உட்கார்த்திவைத்து அவர் சொல்லச் சொல்லக் கதை கதையாக எழுதினார். 1944க்கும் 1946க்கும் இடையே அவை நூலாக வந்தன. அன்றைய மொழியியல் கோட்பாடுகளில் பலவற்றை இன்று எவரும் தொடுவதில்லை. சுள்ளியின் கதைகளை இன்றும் திறந்து புதுக் கேள்வி கேட்கிறார்கள். அவை பதில் சொல்கின்றன.

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாமியாருக்குக் கேசர் ராஜா கதை தெரியும். அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி ஆரம்பித்தார். கணவாய் மூடுவதற்குள் இறங்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. என்னை அனுப்பிய இடத்தில் கேட்டது 2,000 சொல். இன்னும் 300 பாக்கி. கதையைப் பாதியில் நிறுத்தி, ஆட்டின் உறுப்புகளுக்குப் பெயர் கேட்டேன். மீதியை அடுத்த வருஷம் கேட்டுக்கொள்கிறேன் பாட்டி என்றேன். அடுத்த ஜூனில் போனபோது அவர் இல்லை. பனிக்காலத்திலேயே போய்விட்டார்.

பாதை திறந்திருக்கிறது என்று நாமெல்லாம் கோடையில் போகிறோம். கோடையில் அவர்களுக்கு வயல் வேலை. கதை சொல்வது குளிர்காலத்தில். அதனால் ஜனவரியில் போ. லே வரை விமானம் இருக்கிறது. பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள், இல்லாவிட்டால் குளிரில் செத்துவிடும். பதிவு செய்த கதையின் ஒரு பிரதியை ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்த வீட்டில் கொடுத்துவிடு. சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரைப் புத்தகத்தின் முன்பக்கத்திலேயே போடு.

என் பழைய நோட்டை உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். 47ஆம் பக்கத்தில் கேசர் குதிரைமேல் ஏறுகிற இடத்தோடு கதை நிற்கிறது. கார்கில் போகும் வழியில் லேயில் இறங்கி அந்த ஊருக்கு ஒரு நடை போய் வா. தேநீர் ஊற்றிய மருமகளுக்கு இப்போது எழுபது வயதிருக்கும். மாமியார் சொல்லிக் கேட்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாதியை நீ வாசித்துக் காட்டு.

அன்புடன்,
உன் தெருக்காரப் பெரியப்பா