வணிக மேலாண்மைப் பட்டம்: வளாகத்திலா, இணையவழியிலா?

இளநிலைப் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்த இளைஞர் பலர், இரண்டு மூன்று ஆண்டுகளில் எம்.பி.ஏ. படிக்க விரும்புகின்றனர். வேலையை விட்டுக் கல்லூரி வளாகத்தில் சேர்வதா, வேலையில் இருந்தபடியே இணையவழியில் படிப்பதா என்ற வினா அப்போது எழுகிறது. கல்விக் கடன் நாடி வருவோரில் பெரும்பாலோர் இரு கட்டணங்களை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கின்றனர். முழுச் செலவைக் கணக்கிட்டால் முடிவு சில வேளைகளில் மாறிவிடும்.

சட்டத்தின் பார்வையில்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஏற்பு பெற்ற நிறுவனம் இணையவழியில் வழங்கும் பட்டம், வளாகத்தில் பெறும் பட்டத்திற்கு நிகரானது. ஆனால் அந்த ஏற்பு பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மொத்தமாக அளிக்கப்படுவதன்று. குறிப்பிட்ட படிப்புக்கும் குறிப்பிட்ட கல்விப் பருவத்திற்கும் அளிக்கப்படுவது. ஆகவே, தாம் சேரவிருக்கும் படிப்பும் பருவமும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகத்தின் பட்டியலில் உள்ளனவா என மாணவரே பார்த்தல் வேண்டும். இடைத்தரகு மையங்கள் வழியாகப் படிப்பை நடத்த விதிகள் இடமளிப்பதில்லை. புகழ்பெற்ற நிறுவனங்கள் சில மாதங்களில் முடிக்கும் மேலாண்மைச் சான்றிதழ்ப் படிப்புகளையும் நடத்துகின்றன. அவை பயனுள்ளவையாக இருக்கலாம், எம்.பி.ஏ. பட்டமாகா.

இருவர், இரு கணக்குகள்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வளாகப் படிப்புக்கு விடுதி உட்பட ஆண்டுக்கு 5 லட்சம் வீதம், இரண்டு ஆண்டுகளுக்கு 10 லட்சம் ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். அத்தொகை முழுவதும் கடனாகப் பெறப்படுகிறது. வட்டி 10 விழுக்காடு. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. எனினும் தனிவட்டி சேர்ந்துகொண்டே வரும். மூன்றாம் ஆண்டின் முடிவில் அவ்வட்டி இரண்டரை லட்சமாகும்.

மாதம் 35,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் இப்படிப்புக்காக வேலையை விட்டால், இரண்டு ஆண்டுகளில் 8 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை இழக்கிறார். ஆக மொத்தச் செலவு 20 லட்சத்து 90 ஆயிரம். இணையவழிப் படிப்பு 2 லட்சத்தில் முடியுமாயின், வேறுபாடு 18 லட்சத்து 90 ஆயிரம். இதை ஏழு ஆண்டுகளில் ஈடுகட்ட, இணையவழிப் பட்டம் ஈட்டித் தரக்கூடியதைவிட மாதந்தோறும் 22,500 ரூபாய் கூடுதலாக, வருமான வரி போக, கைக்கு வரவேண்டும். திருப்பிச் செலுத்தும் காலத்து வட்டி இதில் சேரவில்லை.

வேலையில் இல்லாத புதிய பட்டதாரிக்கோ இழக்கும் ஊதியம் இல்லை. அவருக்கு அந்த வேறுபாடு பத்தரை லட்சம். மாதத்திற்கு 12,500 ரூபாய் மட்டுமே. படிப்பு ஒன்றேயாயினும் இருவருக்கும் விடை ஒன்றன்று.

தேவை எது?

வளாகக் கல்வியின் சிறப்பு பாடங்களில் மட்டும் இல்லை. வளாக நேர்காணல், கோடைக்காலப் பயிற்சி, உடன் பயில்வோரின் நட்பு, முன்னாள் மாணவர் தொடர்பு ஆகியவையே அதன் பெரும்பயன். முதல் வேலை தேடுவோருக்கும், துறையையே மாற்ற விரும்புவோருக்கும் இவை இன்றியமையாதவை. எனினும் எல்லா வளாகங்களும் இவற்றை ஒரே அளவில் தருவதில்லை. அதிகபட்ச ஊதியத்தைக் காட்டும் விளம்பரத்தை விடுத்து, நடுவில் நிற்கும் மாணவர் பெற்ற ஊதியம் எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்டறிதல் நன்று.

இருக்கும் நிறுவனத்திலேயே பதவி உயர்வுக்குப் பட்டம் தேவைப்படுவோருக்கு இணையவழியே பொருத்தமானது. நிறுவனம் அப்பட்டத்தை ஏற்குமா என்பதை மனிதவளப் பிரிவில் முன்னரே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளலாம். வேலை முடிந்தபின் நாள்தோறும் இரண்டு மணி நேரம் படிக்க இயலுமா என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இடையில் நின்றுபோன படிப்பே எல்லாவற்றிலும் விலை மிக்கது.

கடன் பெறுமுன்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கப்படும். தெரிவுசெய்யப்பட்ட உயர்தர நிறுவனங்களில் பயில்வோர்க்குப் பிணையமின்றிக் கடன் வழங்கும் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இணையவழிப் படிப்புகளுக்கான கடன் விதிகள் வங்கிக்கு வங்கி மாறுபடும்.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் செலுத்திவருவது பெற்றோர் செய்யக்கூடிய நல்லுதவி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் வட்டியைச் செலுத்தாமல் விட்டால், ஏழாண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 20,750 ரூபாய். செலுத்திவந்தால் 16,600 ரூபாய்.

சேர்க்கைக் கட்டணம் செலுத்துமுன் தங்கள் ஊதியம், படிப்பின் முழுச்செலவு, எதிர்பார்க்கும் ஊதிய உயர்வு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்கு வருக. கடன் தொகையை உறுதி செய்யுமுன், தாங்கக்கூடிய மாதத் தவணை எவ்வளவு என்பதைச் சேர்ந்தே கணக்கிடலாம்.