ஒரே கேள்வி, ஐந்து வாய்கள்: எமரால்டில் மாணவர் குழு ஆய்வு

தமிழ்நாட்டில் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராயும் முறைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் வினாப்பட்டியல் ஒன்றைத் தம் மாணவர்களிடம் கொடுத்து ஊர்களை ஆராய்ந்து வரச் செய்தார். அவற்றுள் இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய ஆய்வுகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அன்று ஓர் ஊரை ஒரு மாணவர் ஆராய்ந்தார். இன்றைய கள ஆய்வு முறையியல் பாடத்தில், அதாவது நேரில் கண்டும் கேட்டும் அளந்தும் சேர்த்த தரவுகளிலிருந்து முடிவுக்கு வரக் கற்பிக்கும் பாடத்தில், நான்கைந்து பேர் ஒரு குழுவாக ஓர் ஊருக்குள் நுழைகிறார்கள். ஒரே கேள்வி ஐந்து பேர் வாயில் ஐந்து கேள்விகளாக மாறிவிடுவதுதான் இத்தகைய குழுக்களுக்கு நேரும் முதல் இடர்.

உதகைக்குத் தென்மேற்கே, குந்தா நீர்மின் திட்டத்தின் அணையை ஒட்டிய எமரால்டில் இவ்விடர் நன்கு புலப்படும். ஹட்டி எனப்படும் படகர் ஊர்களும், 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் குடியிருப்புகளும், சிறு தேயிலைத் தோட்டங்களும், கேரட், உருளைக்கிழங்கு விளையும் சரிவுகளும் அடுத்தடுத்து அமைந்த பகுதி அது. அங்கே சிறு விவசாயிகளின் வருமானத்தை ஆராய்ந்த ஒரு குழு, ஊர் திரும்பித் தரவுகளைக் கணினியில் ஏற்றியபோது, நிலப்பரப்பு என்னும் பத்தியில் இருவர் ஏக்கரிலும் மற்றவர்கள் செண்ட்டிலும் எழுதியிருந்தது தெரியவந்தது. சிறு விவசாயியிடம் 150 ஏக்கர் இராது; நூறு செண்ட் ஓர் ஏக்கர் என்பதால் 150 என்ற எண்ணைத் திருத்துவது எளிது. ஆனால் வெறும் 10 என்று எழுதியிருந்தால், அது பத்து ஏக்கர் தேயிலையா, வீட்டுக்குப் பின்னால் உள்ள பத்து செண்ட் கேரட்டா என்பதை எண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரு மாணவி மட்டும் விவசாயி சொன்ன வாக்கியத்தை அப்படியே களக்குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததால் அவர் சென்ற வீடுகளின் விவரம் தப்பியது; ஐயத்துக்கிடமான மற்றவற்றை விலக்க வேண்டியதாயிற்று.

எனவே களத்துக்குப் போகுமுன் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருளை முடிவு செய்துகொள்வது இன்றியமையாதது. குடும்பம் என்பது ஒரே ரேஷன் அட்டையா, ஒரே அடுப்பில் சமைத்து உண்போரா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பொதுச் சமையலையே அளவாகக் கொள்கிறது. மாணவரும் அதைக் கைக்கொள்வது நல்லது. பச்சைத் தேயிலையின் விலை என்று கேட்டால், ஒருவர் தேயிலை வாரியம் அறிவித்த மாதச் சராசரியைச் சொல்வார். மற்றொருவர் ஈரத்துக்கான எடைக்கழிவும் வண்டிக்கூலியும் போகக் கைக்கு வந்ததைச் சொல்வார். இரண்டும் உண்மையே, ஆயினும் ஒரே பத்தியில் சேரத்தக்கவை அல்ல. கேள்வித்தாளை இறுதி செய்யுமுன் இரண்டு மூன்று வீடுகளில் ஒருவர் கேட்க மற்றவர் அனைவரும் தனித்தனியே பதிலை எழுதி, பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கும் முன்னோட்டம், வகுப்பறையில் ஒரு வாரம் விவாதிப்பதைவிடப் பயனுள்ளது.

வீடுகளைத் தேர்ந்தெடுப்பதில் சோர்வே பெரிய எதிரி. சமவாய்ப்பு மாதிரி, அதாவது பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தேர்வாகச் சம வாய்ப்புத் தரும் முறை, தாளில் எளிதாயினும், மழையும் மூடுபனியும் சூழ்ந்த மாலையில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவர் சரிவில் உள்ள வீட்டை விட்டுவிட்டுச் சாலையோர வீட்டுக் கதவைத் தட்டுகிறார். சாலையோரம் இருப்போரில் கடைக்காரர் மிகுதி என்பதால் ஊரின் வருமானம் உயர்ந்து தோன்றுகிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் மாலையில்தான் வீடு திரும்புவர். பகலில் மட்டும் செல்லும் குழுவின் தரவில் அவர்கள் குரலே இராது. ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குவதும், விடுபட்ட வீட்டுக்கு இரண்டாம் முறை செல்வதும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும்.

காலமும் அவ்வாறே. சென்ற மாதம் எத்தனை கிலோ பறித்தீர்கள் என்ற கேள்விக்கு, உறைபனி கருக்கிய ஜனவரியில் கிடைக்கும் விடையும் மழைக்குப்பின் கிடைக்கும் விடையும் ஒன்றாக இரா. தென்மேற்குப் பருவமழையின் உச்சத்தைத் தவிர்ப்பது பாதுகாப்புக்கும் உகந்தது. எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று.

பணிப்பகிர்வில் தரவு சேகரிப்பு, கணக்கீடு, எழுத்து என ஆளுக்கொன்றாகப் பிரிக்கும் வழக்கம் கைவிடத்தக்கது; களத்துக்கே போகாதவர் கணக்கிட்டால் 10 என்ற எண்ணின்மீது அவருக்கு ஐயமே எழாது.

நிரப்பிய கேள்வித்தாள்கள், பெயர்களை நீக்கிக் குறியீட்டு எண் இடப்பட்டு, கேட்ட மாதம், பயன்படுத்திய அளவுகள், சொற்களுக்குக் கொண்ட பொருள் ஆகியவை எழுதிய ஒரு தாளுடன் துறையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். ஸ்லேட்டரின் மாணவர் 1916-இல் எழுதிய விவரங்கள் அச்சில் நிலைத்ததால்தான், 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிச் செல்ல முடிந்தது. இருவேல்பட்டு அதன்பிறகும் பலமுறை, 2008 வரை, ஆராயப்பட்டது.