தொடர்பாடல் இடையூறுகள்: திறப்புக்கும் காருக்கும் இடையிலான உரையாடல்

மாணவர்களே! தொடர்பாடல் மாதிரி பற்றிய வினாக்களுக்கு நீங்கள் வானொலியையும் தொலைபேசியையுமே பெரும்பாலும் உதாரணமாக எழுதுகிறீர்கள். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், பின்னூட்டல் ஆகிய உறுப்புகள் காரின் பாதுகாப்புத் தொகுதியிலும் உண்டு. அங்கு கோளாறு ஏற்பட்டால் கேட்க வேண்டிய முதல் வினா ஒன்றே: செய்தி எந்த இடத்தில் நின்றுபோனது?

1. இரண்டு வேறு உரையாடல்கள்

(அ) ரிமோட்: பொத்தானை அழுத்தியதும் வானொலி அலை மூலம் செய்தி சென்று கதவு திறக்கும். இதற்குத் திறப்பிலுள்ள சிறிய பற்றரி தேவை.

(ஆ) இமொபிலைசர்: திறப்பின் தலைப்பகுதியில் ஒரு சிப் உள்ளது. திறப்பு இடும் துவாரத்தைச் சுற்றியுள்ள சுருள், மின்காந்தத் தூண்டல் மூலம் அதற்குச் சக்தி கொடுக்கும். எனவே சிப்பிற்குப் பற்றரி தேவையில்லை. கார் ஒரு கேள்வி அனுப்பும். சிப் சரியான மறுமொழி அளித்தால் மட்டுமே எஞ்சின் இயங்க அனுமதி கிடைக்கும்.

ரிமோட் வேலை செய்தும் எஞ்சின் இயங்காவிட்டால், ரிமோட் பற்றரியை மாற்றுவதால் பயனில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் பல கார்களிலும், திறப்பின் பற்றரி தீர்ந்தால் திறப்பையே பொத்தானின் அருகில் பிடித்து ஸ்டார்ட் செய்யலாம்.

2. கட்டுப்பாட்டு அலகுகளின் பொது வழி

கதவு, இமொபிலைசர், எஞ்சின் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு அலகுகள் பல கார்களில் கான் எனும் வலையமைப்பினூடாகப் பேசுகின்றன. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் இதனை அறிமுகப்படுத்தியது. ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இரு வயர்களே இதன் ஊடகம். அவற்றின் இரு அந்தங்களிலும் 120 ஓம் தடையி ஒவ்வொன்று உண்டு. இவை சமாந்தரமாக உள்ளதால்,

மொத்தத் தடை = (120 × 120) ÷ (120 + 120) = 60 ஓம்

3. நம் பிரதேசத்தில் இடையூறு எங்கிருந்து வருகிறது?

மட்டக்களப்பு வாவி கடலுடன் கலப்பதால் அதன் நீர் உவர்ப்பானது. வடகீழ்ப் பருவமழையில் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வீதிகள் நீரில் மூழ்குவதை அறிவீர்கள். 2011 சனவரி வெள்ளத்தில் மாவட்டமே பெரும் பாதிப்புக்குள்ளானது. பல கார்களில் வயர்கள் தரைவிரிப்பின் கீழே செல்கின்றன. உள்ளே புகுந்த நீர் வற்றினாலும் உப்பு எஞ்சியிருக்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இணைப்பிகளின் செப்பு ஊசிகளை அரித்து, பச்சை நிறப் படிவை உண்டாக்கும். இதனால் கோளாறு பல நாட்கள் கழித்தும் தோன்றலாம்.

4. பரிசோதிக்கும் ஒழுங்கு

(i) மேலதிகத் திறப்பால் முயற்சிக்கவும். அதனால் இயங்கினால் குறை முதல் திறப்பில் இருக்கக்கூடும். ஒரே வளையத்திலுள்ள வேறு சிப் திறப்புகளை அகற்றியும் பார்க்கவும்.

(ii) கார் பற்றரியை அளக்கவும். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற் காட்டும். மின்னழுத்தம் குறைந்தால் அலகுகளின் பேச்சும் தடுமாறும். பின்னர் உருகிகளையும் ஏர்த் இணைப்புகளையும் பார்க்கவும்.

(iii) 16 முனை இணைப்பியில் ஸ்கானரைப் பொருத்தவும். 'யூ' எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் வலையமைப்புக் கோளாறுகளைக் குறிக்கும். யூ0100 என்பது எஞ்சின் அலகுடனும், யூ0167 என்பது இமொபிலைசர் அலகுடனும் தொடர்பு இழக்கப்பட்டதைச் சொல்லும். குறியீடு பெயரிடும் அலகு பழுதடைந்தது என்று உடனே முடிவு செய்யக்கூடாது. அதற்குச் செல்லும் வழியும் பழுதாகியிருக்கலாம்.

(iv) பற்றரியின் மறை முனையைக் கழற்றிய பின், அவ்விணைப்பியின் 6ஆம், 14ஆம் முனைகளுக்கிடையே தடையை அளக்கவும். பல கார்களில்,

60 ஓம் அளவில் – பிரதான வழி பெரும்பாலும் சரி
120 ஓம் அளவில் – ஒரு பக்கம் துண்டிப்பு
0 ஓமுக்கு அண்மையில் – இரு வயர்களும் தொடுகின்றன

எச்சரிக்கை: காற்றுப்பையின் மஞ்சள் நிற வயர்களைப் பல்மானியால் அளக்கவே கூடாது.

5. மாதிரி வினா

வெள்ளத்தில் நின்ற கார் ஒன்று பத்து நாட்களின் பின் ஸ்டார்ட் ஆகவில்லை. ரிமோட்டால் கதவு திறக்கிறது. இரு திறப்புகளாலும் முயன்றாயிற்று. கார் பற்றரி நல்ல நிலையில் உள்ளது. ஸ்கானர் யூ0167 காட்டுகிறது. 6, 14 முனைகளுக்கிடையே தடை 60 ஓம். அடுத்து எதனைப் பரிசோதிப்பீர்?

விடை: இரு திறப்புகளும் ஒருமித்துப் பழுதாவது அரிது. 60 ஓம் என்பதால் பிரதான வழி துண்டிக்கப்படவில்லை. பேசாதிருப்பது ஓர் அலகு மட்டுமே. எனவே அதன் உருகி, மின்வழங்கல், ஏர்த், இணைப்பி ஊசிகள், அதற்குப் பிரியும் கிளை வயர்கள் ஆகியவற்றில் அரிப்பு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். இவை யாவும் சரியாயின் மட்டுமே அலகை மாற்றுவது பற்றிச் சிந்திக்கலாம்.

இந்த ஒழுங்கு புள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய காரையே நம்பியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய கார் அது. அரித்துப்போன ஒரு ஏர்த் வயருக்காக அவர்கள் புதிய அலகொன்றுக்குப் பெருந்தொகை செலவிடக்கூடாது. நாளை நீங்கள் தொழினுட்பக் கல்லூரிக்குச் சென்று கராஜில் நின்றாலும், முதலில் செய்தி நின்ற இடத்தைத் தேடுங்கள். பாகத்தைப் பிறகு மாற்றலாம்.